எந்தச் சேகரம்?

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் சென்னையிலோ மும்பையிலோ முதல்முறை சந்தித்தால், பேச்சு கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்விக்கு வந்து நிற்கும்: "நீங்க எந்தச் சேகரம்?" சேகரம் என்பது தென்னிந்தியத் திருச்சபையில் (சிஎஸ்ஐ) ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சில சபைகளின் தொகுப்பு. வெறும் நிர்வாக ஏற்பாடுதான். ஆனால் பதில் வந்ததும் ஊர், உறவு, யார் வீட்டில் யார் பெண் எடுத்திருக்கிறார்கள், அந்தக் காலத்தில் அங்கே ஐயரவாளாக இருந்தவர் யார் என்று எல்லாம் வரிசையாக வந்துவிடும். (அந்தப் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள், அவர் மனைவி ஐயரம்மா. முதல்முறை கேட்கும் வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் முழிப்பார்கள்.)

விசுவாசத்தில் தன் அடையாளத்தைக் கண்டுகொண்டதாக ஒருவர் சொன்னால், அதை அவர் மனசுக்குள் நடந்த ஒன்றாகவே நாம் எடுத்துக்கொள்கிறோம். அது பொய்யில்லை. ஆனால் தென்தமிழகத்தின் கிறிஸ்தவ வரலாற்றைப் பார்த்தால், 'நான் இன்னார்' என்ற உணர்வு கைக்குப் பிடிபடும் சில விஷயங்களில்தான் வேர் விட்டிருக்கிறது. குடியிருக்க மண், பிள்ளை படிக்க ஒரு கொட்டகை, சேர்ந்து உட்கார ஒரு பந்தி, செத்தால் புதைக்க ஒரு இடம். இவை எங்கே பொதுவாக இருந்தனவோ, அங்கே 'நம்ம ஆள்' என்ற சொந்தம் தலைமுறை தாண்டியும் நிற்கிறது. இவை பிரிந்தே கிடந்த இடத்தில், ஞானஸ்நானம் ஒரு புதுப் பெயரைக் கொடுத்ததோடு சரி.

சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் இருக்கும் முதலூரை எடுத்துக்கொள்ளலாம். இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் பலருக்கும் தேங்காய்ப்பாலில் செய்யும் மஸ்கோத் அல்வா ஞாபகம் வரும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே இருந்த கதை வேறு. தஞ்சாவூரில் கிறிஸ்தவரான தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் தன் சொந்தக்காரர்களிடம் வந்து பிரசங்கம் செய்ய, 1797 வாக்கில் பனையேறும் குடும்பங்கள் சில ஞானஸ்நானம் பெற்றன. மாறியவர்களால் பழைய ஊரில் நிம்மதியாக இருக்க முடியவில்லை. கோயில் கொடைக்கு வரி கொடுப்பதில்லை, தேர் வடம் பிடிப்பதில்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா? குடிசைகள் எரிக்கப்பட்டன, ஆட்கள் அடிக்கப்பட்டார்கள். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் பணம் உதவ, நிலம் வாங்கி 1799இல் உருவாக்கிய குடியிருப்புதான் முதலூர். கிறிஸ்தவர்களுக்கென்றே அமைந்த முதல் ஊர், அதனால் அந்தப் பெயர்.

அப்புறம் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சாயர் என்ற வியாபாரி வாங்கிக் கொடுத்த நிலத்தில் சாயர்புரம். நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், பிரகாசபுரம் என்று தாமிரபரணிக்குத் தெற்கே வரைபடத்தின் பெயர்களே மாறின. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், துரத்தப்பட்டவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கவென்றே தர்ம சங்கம் ஒன்றை 1830இல் தொடங்கினார். எனக்கு இந்த ஏற்பாடு அன்று நடந்த எந்தப் பிரசங்கத்தையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. பனை விளையில் பங்கில்லாமல், யாரோ ஒருவர் நிலத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவருக்கு, 'போ' என்று யாரும் சொல்ல முடியாத ஒரு மனை கிடைத்தது. அவருடைய பிள்ளை பிறந்ததும் பெயர் சபைப் பதிவேட்டில் ஏறியது. தெற்கில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தங்கள் முன்னோர் பெயர் எழுத்தில் இருக்கும் மிகப் பழைய ஆவணம் அந்த ஞானஸ்நானப் பதிவேடுதான்.

இந்த ஊர்கள் மிஷனரிகள் கட்டிக் கொடுத்த கூடாரமாகவே நின்றிருந்தால் அவர்கள் போனதும் கலைந்திருக்கும். கலையாததற்குக் காரணம் ஊர்க்காரர்களே போட்ட உழைப்பு. இடையன்குடிக்கு 1841இல் வந்த கால்டுவெல் அங்கே கட்டிய ஆலயம் 33 ஆண்டுகள் இழுத்து, 1880இல்தான் பிரதிஷ்டை ஆனது. வீட்டில் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து, சேர்ந்ததும் கோயிலுக்குக் கொடுப்பார்கள். பிடி அரிசிக் காணிக்கை என்று பேர். அறுப்பின் பண்டிகை வந்தால் முருங்கைக்காய், நாட்டுக்கோழி, வாழைத்தார், கருப்பட்டி எல்லாம் ஆலய வாசலில் குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். சந்தையில் சல்லிசாக விற்கும் முருங்கைக்காயை, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் வீம்புக்குப் பல மடங்கு விலை வைத்து எடுத்து, அதையே திரும்ப ஏலத்துக்கு விடுவார். அவர் வாங்கியது காயை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம் அசனம். பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி ஊரே சேர்ந்து ஆக்கும் சோறு. ஆட்டுக்கறிக் குழம்பின் மணம் ஊர் எல்லையிலேயே வந்துவிடும். பணக்காரர், கூலிக்காரர், பக்கத்து ஊர் இந்துக்கள் என்று பார்க்காமல் பந்தி போடுவார்கள். சாப்பிட்டது போக வீட்டுக்கு வாங்கிப்போகத் தூக்குச்சட்டிகளோடு ஒரு வரிசை நிற்கும். இன்று சென்னை, பெங்களூர், துபாய் என்று சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் கிறிஸ்துமஸைக்கூட விட்டுவிடுவார்கள், அசனத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஒன்றாகச் சாப்பிடக் கூடாது என்பதை விதியாக வைத்திருந்த ஒரு சமூகத்தில், பொதுப் பந்தி சின்ன விஷயம் இல்லை.

அந்தச் சொந்தம் ஊர் எல்லையைத் தாண்டியும் போனது. வெள்ளாளன்விளை என்ற சின்ன ஊரில் 1874இல் பிறந்த அசரியா, 1903இல் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்னின்றவர்களில் ஒருவர். தெலுங்கு நாட்டில் ஊழியம் செய்ய நெல்லைக்காரர்கள் தங்கள் பணத்தையும் ஆட்களையும் அனுப்பிய சங்கம் அது. 1912இல் அவர் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லின் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். பனங்காட்டு ஊரிலிருந்து வந்தவரின் கையில், முதலூர் உருவாகி நூற்றுச் சொச்சம் வருஷத்தில், செங்கோல். இதில் கொஞ்சம் ஊர்ப் பெருமை இருப்பதைத் தெற்கத்திக்காரர்கள் மறைப்பதும் இல்லை.

கடற்கரையில் கதை வேறு வழியில் போயிற்று. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1535 முதல் 1537க்குள் சாதியாகவே கத்தோலிக்கர்களானார்கள். முத்துச் சலாபத்தின் மேல், அதாவது முத்துக் குளிக்கும் தொழிலின் மேல், உரிமை யாருக்கு என்ற சண்டையில் நெருக்கடி முற்றியபோது போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைத் தேடிப் போனார்கள், ஞானஸ்நானம் அந்த உடன்பாட்டோடு சேர்ந்து வந்தது. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்தபோது, பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்தவர்களுக்கு ஜெபங்களைத் தமிழில் சொல்லிக் கொடுக்கும் வேலைதான் அவருக்கு முன்னால் இருந்தது. பெர்னாந்து, மோத்தா, கொரைரா, ரொட்ரிகோ என்ற பெயர்கள் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டவை.

இங்கே மதம் பழைய உறவை உடைக்கவில்லை, அதையே கெட்டிப்படுத்தியது. சாதித் தலைவர், பட்டங்கட்டி என்ற பழைய பதவிகள் அப்படியே கோயிலுக்குள் வந்தன. தூத்துக்குடி பனிமய மாதா, பரதவருக்கு ஊர்த் தாய், குலத் தாய் எல்லாம்தான். ஜூலை 26 கொடியேறி ஆகஸ்ட் 5 திருவிழா முடியும்வரை, கப்பல் வேலைக்குப் போன பிள்ளை முதல் கொழும்பில் குடியேறிய சொந்தம்வரை எல்லோருக்கும் நினைப்பு அங்கேதான் இருக்கும். சிறப்பான ஆண்டுகளில் மட்டும் ஓடும் தங்கத்தேர் 1806இல் முதன்முதலில் ஓடியது. தேரை ஓடவைத்தவர் சாதித் தலைவர் என்பது தற்செயல் இல்லை. உள்ளே இருப்பவருக்கு இதைவிட இறுக்கமான அரவணைப்பு கிடையாது. வெளியே இருப்பவர் அதே கோயிலில் அதே ஜெபமாலையைச் சொன்னாலும் கொஞ்சம் விருந்தாளிதான்.

பழைய திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், கிறிஸ்தவராவது உடம்பிலேயே தெரியும் விஷயமாக இருந்தது. புராட்டஸ்டன்ட் சபை அங்கே தொடங்கியது மயிலாடியில். சிதம்பர யாத்திரை போன சாம்பவர் சமூகத்து மகராசன், திரும்பும் வழியில் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாக ஊர் வந்து சேர்ந்தார். அவர் கேட்டுக்கொண்டதால் லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே 1806இல் வந்தார், 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. மிஷனரி தேடிப் போய்க் கண்டுபிடித்த சபை இல்லை இது, போய்க் கூப்பிட்டு வரவழைத்த சபை. அந்த வித்தியாசம் அடிக்கடி மறந்துபோகிறது.

அந்த நாட்டில் நாடார் முதலான சாதிகளின் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியக் கூடாது. கர்னல் மன்றோ திவானாக இருந்த 1810களில், கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் (ரவிக்கை போன்ற மேல்சட்டை) போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. குப்பாயத்தோடு அவர்கள் நிற்கவில்லை, மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலையும் போட்டார்கள். மேல்சாதிக்காரர்கள் சந்தையில் வைத்து அந்தச் சீலையைக் கிழித்தார்கள், ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1829இல் அரசு தோள்சீலைக்குத் தடை போட்டது. 1858-59இல் கலவரம் மறுபடி வெடித்து, சென்னை கவர்னர் டிரெவெல்யன் அழுத்தம் கொடுத்த பிறகுதான், 1859 ஜூலை 26 அன்று மன்னரின் அறிவிப்பு வந்தது. கிறிஸ்தவர், இந்து என்ற வேறுபாடு இல்லாமல் நாடார் பெண்கள் உடம்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடும் விதத்தில் போடக் கூடாது என்று அப்போதும் ஒரு வால் இருந்தது. ஒரு முழத் துணிக்காக ஏறக்குறைய நாற்பது வருஷப் போராட்டம். அந்தப் பெண்களில் பலருக்கு பைபிளை வாசிக்கத் தெரிந்திருக்காது. தாங்கள் யார் என்பது மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் கிட்டத்தட்ட 47 சதவீதம். அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் இந்தத் துணியும் இருக்கிறது.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் உள்ளே வந்தவர்களின் கதை. உள்ளே வந்தபிறகும் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களின் கதைக்கு வடக்கன்குளம் போகவேண்டும்.

நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்டபிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி, 1745இல் வடக்கன்குளத்தில்தான் தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்றார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியது அவர் மேல் வந்த ஆத்திரத்துக்கு ஒரு காரணம் என்று கிறிஸ்தவ மரபு சொல்கிறது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு கைகள், இரண்டும் பீடத்தில் வந்து சேரும்படி அமைப்பு. வேளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், நாடார் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், நடுவில் சுவர். எல்லாரும் ஒரே பூசையைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம். கட்டடக்கலையில் இவ்வளவு நேர்மையாகச் சாதியை வரைந்து வைத்த இடம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. கௌசானல் அடிகள் 1910இல் அந்தத் தடுப்பை இடித்தார். வேளாளர்கள் நீதிமன்றம் போனார்கள், சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள்.

புராட்டஸ்டன்ட் பக்கமும் இந்தச் சண்டைக்குக் குறைவில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே கைவிடவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரில் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் நற்கருணைக்கே வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒரே பாத்திரத்தில் குடிப்பதைவிட சபையை விட்டுப் போவது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தங்களுக்கெனத் தனிப் பங்கு (தனிக் கோயிலும் குருவும் உள்ள சபைப் பிரிவு) வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டதை ஒட்டி வந்த மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, இரண்டு பேர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களின் குழிகளைப் பிரித்த சுவரைப் பற்றி நாடே பேசியது. தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதரானபோது பட்டத்தில் 'பிள்ளை' இல்லை, அந்தச் சாதிப் பெயருக்கு எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு அதை வத்திக்கான் விட்டுவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தலித். முதல் பிரான்சிஸ்கன் பாதிரியார்கள் வந்து எத்தனை நூற்றாண்டு என்று கணக்குப் போட்டால் அந்தச் செய்தியைக் கொண்டாடவா, வெட்கப்படவா என்று குழப்பம் வரும்.

தலித் கிறிஸ்தவருக்கு இன்னொரு சங்கடம் சபைக்கு வெளியே இருக்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி இந்துக்களுக்கு மட்டும். 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் கிடைக்கும், அவ்வளவுதான்.

சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கு இதற்குப் பெயர்போன உதாரணம். சாலையோரத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரான இவருக்கு இல்லை என்றது. 1985இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறியபிறகும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்று காட்டப்படவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளியது. பக்கத்தில் உட்கார்ந்து அதே ஊசியால் அதே தோலைத் தைப்பவருக்குக் கடை உண்டு, இவருக்கு வெயில்.

விளைவு என்ன? வீட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவார்கள், பள்ளிச் சான்றிதழில் இந்து என்று இருக்கும். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகப் பேசியது. விசுவாசம் கிறிஸ்தவம், ஆனால் சலுகைக்கு மட்டும் இந்து என்பது அரசியல் சாசனத்தை ஏமாற்றுவது என்றது. சட்டத்தின் கணக்கு புரிகிறது. ஆனால் சபையில் தலித்தாகவும் அலுவலகத்தில் தலித் இல்லாதவராகவும் ஒரே ஆளை இருக்கச் சொல்லும் ஏற்பாட்டில், ஏமாற்றுவது யார் என்ற கேள்வியை அவ்வளவு சுலபமாக ஒருவர் தலையில் கட்டிவிட முடியாது. மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி தரலாமா என்று ஆராய, 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் அமைத்த ஆணையத்தின் காலக்கெடு ஒருமுறைக்கு மேல் நீண்டிருக்கிறது.

நகரத்தில் இந்தப் பழைய கட்டுகள் தளர்கிற இடம் பெந்தெகொஸ்தே சபைகள். அங்கே எந்தச் சேகரம் என்று யாரும் கேட்பதில்லை, "எப்போ ரட்சிக்கப்பட்டீங்க பிரதர்?" என்பார்கள். வாடகை வீட்டு மாடியில், மூடிய கல்யாண மண்டபத்தில், செவ்வாய்க்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில், வேலை தேடி வந்து யாரையும் தெரியாமல் இருக்கும் ஒருவர் எழுந்து சாட்சி சொல்லலாம். குடியை விட்டது, கடன் அடைந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. ஒரு அறை நிறைய ஆட்கள் அவர் பேச்சை முழுசாகக் கேட்பார்கள். வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு வாரத்தில் அப்படிக் கேட்கப்படும் நேரம் வேறு எது? பரம்பரைச் சபைகள் இதைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டிய இடம் இது.

ஆனால் பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. நகரத்தில் புதிதாக இடம் வாங்குவதும் நடக்காத காரியம். கீழ்ப்பாக்கம் கல்லறையில் ஏற்கனவே நெருக்கடி, ஒரே குழியில் குடும்பத்தாரை அடுத்தடுத்து வைக்கிறார்கள். அதனால் ஞாயிறு காலை கைதட்டிப் பாடும் சபைக்குப் போகிறவர்கள்கூட, ஊரில் சிஎஸ்ஐ சபைக்கு வருஷச் சந்தாவை நிறுத்துவதில்லை. மகள் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க (ஆராதனையில் கல்யாண அறிவிப்பு சொல்ல) அந்தச் சபைதான் வேண்டும், அப்பாவைப் புதைக்கவும் அதுதான் வேண்டும். சந்தா பாக்கி இருந்தால் குழி தோண்டும் முன்னால் கட்டிவிட்டு வாருங்கள் என்று சபைச் செயலாளர் சொல்வார். துக்க வீட்டில் சின்னச் சலசலப்பு எழும், யாராவது ஒரு சித்தப்பா ஜிபேயில் போட்டுவிடுவார்.